உடையவர் அறியாத மூளை

மூளைக்கு வலி தெரியாது. மண்டைத்தோலுக்கு வலி உண்டு, மூளையைப் போர்த்தியிருக்கும் உறைக்கும் உண்டு. ஆனால் உள்ளே இருக்கும் மூளைத் திசுவில் வலியை உணரும் நரம்பு முனைகள் இல்லை. அதனால்தான் நோயாளி விழித்திருந்து பேசிக்கொண்டிருக்கும்போதே மூளையில் அறுவை செய்ய முடிகிறது. கனடாவின் மாண்ட்ரியல் நகரில் 1934இல் நரம்பியல் நிறுவனம் தொடங்கிய வைல்டர் பென்ஃபீல்டு, வலிப்பு நோயாளிகளுக்கு இப்படித்தான் சிகிச்சை தந்தார். மண்டைத்தோலை மட்டும் மரத்துப்போகச் செய்துவிட்டு, மூளையின் மேற்பரப்பில் இடம் இடமாக மெல்லிய மின்சாரம் வைத்துப் பார்ப்பார். ஓரிடத்தில் வைத்தால் கட்டைவிரல் துடிக்கும். சற்றுத் தள்ளி வைத்தால் உதடு மதமதக்கும். இன்னோரிடத்தில் வைத்தால் பேச்சு நின்றுபோகும். எங்கே வெட்டலாம், எங்கே கத்தி படக் கூடாது என்று அறிய அன்று வேறு வழி இருக்கவில்லை. பேச்சுப் பகுதியை ஒட்டிக் கட்டி வளர்ந்திருந்தால் இன்றும், நம் ஊர் மருத்துவமனைகளிலும், நோயாளியைப் பேசவைத்துக்கொண்டே அறுவை செய்கிறார்கள்.

மூளையைப் பற்றிய வியப்பான செய்திகள் என்று பத்திரிகைத் துணுக்குகளிலும் வாட்ஸ்அப்பிலும் வலம்வருபவை பெரும்பாலும் எண்ணிக்கைகள்: இத்தனை கோடி செல்கள், இத்தனை கிலோமீட்டர் நரம்புகள். எனக்கு அவற்றைவிட வியப்பாகப் படுவது வேறு. மூளை தான் செய்யும் வேலையில் சிறு பகுதியைத்தான் உடையவரிடம் தெரிவிக்கிறது. தெரிவிப்பதிலும் ஒரு பங்கு இட்டுக்கட்டியது. கடந்த 170 ஆண்டுகளின் நரம்பியலில் பாதிக்கு மேல் இந்த ஒரு கேள்வியைச் சுற்றியே நடந்திருக்கிறது என்றுகூடச் சொல்லத் தோன்றுகிறது: உள்ளே நடப்பதில் எவ்வளவு நமக்குத் தெரிகிறது?

சிந்திக்கும் உறுப்பு எது என்பதே நெடுங்காலம் தெரியாமல் இருந்தது. எகிப்தியர்கள் பிணத்தைப் பதப்படுத்தும்போது இதயத்தை உடலிலேயே பத்திரமாக விட்டுவைத்தார்கள். மூளையை மூக்கு வழியாக இழுத்து எறிந்தார்கள். அரிஸ்டாட்டிலுக்கு மூளை இரத்தத்தைக் குளிர்விக்கும் கருவி. இதயம் துடிப்பது தெரிகிறது, பயந்தால் அடித்துக்கொள்வது தெரிகிறது. மூளையோ எந்த அறிகுறியும் காட்டாமல் இருக்கிறது. உணர்வை மட்டும் நம்பிய எவரும் அரிஸ்டாட்டிலின் முடிவுக்குத்தான் வந்திருப்பார்கள்.

மூளைக்குச் செய்தி எவ்வளவு மெதுவாகப் போகிறது என்பதும் நமக்குத் தெரிவதில்லை. 19ஆம் நூற்றாண்டின் பெரும் உடலியலாளர் யோஹானஸ் முல்லர், நரம்பு வழிச் செய்தியின் வேகத்தை மனிதனால் அளக்கவே முடியாது என்று கருதினார். அவருடைய மாணவர் ஹெர்மன் ஹெல்ம்ஹோல்ட்ஸ் 1849-50இல் தவளையின் கால் நரம்பில் அளந்தே காட்டினார்: நொடிக்குச் சுமார் 30 மீட்டர். மின்னல் வேகம் என்று நம்பியிருந்தது மணிக்கு நூறு கிலோமீட்டர் சொச்சம்தான். மனித உடலில் வேகமான நரம்பிழைகள் நொடிக்கு 100 மீட்டருக்கு மேல் செய்தி கடத்தும். மந்தமான வலி இழைகளுக்கு நொடிக்கு ஒரு மீட்டர் அளவுதான். கால் கட்டைவிரல் வாசற்படியில் இடித்துக்கொண்டால் இடித்தது முதலில் தெரிந்து, தாங்க முடியாத வலி ஒரு கணம் கழித்து ஏறுவது இதனால்தான். அந்த மாதிரிச் சந்தர்ப்பம் தவிர, நாம் எப்போதும் கொஞ்சம் பழைய உலகத்தில்தான் இருக்கிறோம் என்பது உறைப்பதே இல்லை.

பார்வையில் இது இன்னும் மோசம். விழித்திரையிலிருந்து பார்வை நரம்பு கிளம்பும் இடத்தில் ஒளியை வாங்கும் செல்கள் கிடையாது. ஒவ்வொரு கண்ணின் பார்வையிலும் ஓர் ஓட்டை இருக்கிறது. 1660களில் பிரான்சின் எத்மே மரியோட் கண்டுபிடிக்கும் வரை அப்படி ஒன்று இருப்பது எவருக்கும் தெரியவில்லை. வெள்ளைத் தாளில் 8 சென்டிமீட்டர் இடைவெளியில் இரண்டு புள்ளிகள் வையுங்கள். இடக்கண்ணை மூடி, இடப்பக்கப் புள்ளியை வலக்கண்ணால் உற்றுப் பார்த்தபடி தாளை முன்னும் பின்னும் நகர்த்துங்கள். சுமார் ஓர் அடி தூரத்தில் வலப்பக்கப் புள்ளி மறைந்துபோகும். கவனிக்க வேண்டியது அது மறைவது அல்ல. அந்த இடத்தில் கறுப்போ வெறுமையோ தெரியாது, வெள்ளைத் தாள்தான் தெரியும். மூளை அக்கம்பக்கத்தைப் பார்த்து இட்டு நிரப்பிவிடுகிறது.

இன்னொன்றுக்குத் தாள்கூட வேண்டாம். கண்ணாடி முன் நின்று உங்கள் இடக்கண்ணைப் பாருங்கள், பிறகு வலக்கண்ணை. உங்கள் கண்கள் நகர்வதை ஒருபோதும் காண முடியாது. பக்கத்தில் நிற்பவருக்கு அது பளிச்சென்று தெரியும். கண் ஓரிடத்திலிருந்து இன்னோர் இடத்துக்குத் தாவும் நேரத்தில் மூளை பார்வையை அடக்கிவிடுகிறது. இல்லாவிட்டால் உலகம் நாள் முழுக்க ஆடிக்கொண்டே இருக்கும். நொடிக்கு மூன்று முறை அளவில் இது நடக்கிறது. நடுவில் விழும் இடைவெளிகளை நாம் உணர்வதில்லை.

இவை எல்லோருக்கும் பொதுவான சில்லறை ஏமாற்றுகள். மூளையில் அடிபட்டவர்களிடம் கண்டவை வேறு தரத்தவை. 1973இல் இங்கிலாந்தில் ஒரு நோயாளிக்கு மூளையின் வலப்பக்கப் பார்வைப் பகுதியை அகற்றினார்கள். மருத்துவ ஏடுகளில் அவருக்கு டி.பி. என்று மட்டும் பெயர். அதன் பிறகு அவருடைய பார்வையின் இடப்பக்கம் இருண்டுவிட்டது. ஆக்ஸ்ஃபோர்டின் லாரன்ஸ் வைஸ்கிரான்ட்ஸ் அந்தக் குருட்டுப் பக்கத்தில் ஒளிப்புள்ளியைக் காட்டி, எங்கே இருக்கிறது என்று குத்துமதிப்பாகக் கை நீட்டச் சொன்னார். கை சரியான இடத்துக்குப் போனது. கோடு நின்றிருக்கிறதா, படுத்திருக்கிறதா? அதற்கும் பெரும்பாலும் சரியான பதில். எதையும் பார்க்கவில்லை, வாய்க்கு வந்ததைச் சொன்னேன் என்றார் டி.பி. முடிவுகளைக் காட்டியபோது அவரே திகைத்துப்போனார். 2008இல் வெளிவந்த இன்னோர் ஆய்வில், இரண்டு பக்கவாதங்களால் இருபக்கப் பார்வைப் பகுதியையும் இழந்த ஒருவர், பொருள்கள் இறைந்து கிடந்த தாழ்வாரத்தில் எதிலும் மோதாமல் நடந்து கடந்தார். விலகி விலகி நடந்தது அவருக்கே தெரியாது.

இதற்கு நேர் எதிரான நோயும் உண்டு. 1899இல் காப்ரியல் அன்டோன் விவரித்த நோயாளிகளுக்குப் பார்வை முற்றிலும் போய்விட்டது. அவர்களோ பார்வை நன்றாகத்தான் இருக்கிறது என்று சாதிப்பார்கள். அறையில் என்ன இருக்கிறது என்று கேட்டால் தயங்காமல் வருணிப்பார்கள். சுவரில் முட்டிக்கொண்டால் வெளிச்சம் போதவில்லை என்பார்கள். 1914இல் ஜோசப் பாபின்ஸ்கி, இடக்கை இடக்கால் விழுந்துபோயும் அதை ஒப்புக்கொள்ளாத நோயாளிகளைப் பற்றி எழுதினார். பிடிவாதமோ பொய்யோ என்று முதலில் தோன்றும். அவர்களுக்கு உண்மையிலேயே தெரியவில்லை. ஆகப் பார்ப்பது ஒரு வேலை, பார்க்கிறோம் என்று அறிவது வேறொரு வேலை. ஒன்று போய் மற்றது தங்கலாம்.

இந்த வரலாற்றிலேயே ஆழமான சான்று இரண்டாகப் பிரிக்கப்பட்ட மூளைகளிடமிருந்து வந்தது. மூளையின் இரண்டு அரைக்கோளங்களையும் இணைக்கும் தடித்த நரம்புக் கட்டுக்குக் கார்பஸ் கலோசம் என்று பெயர். எந்த மருந்துக்கும் அடங்காத வலிப்பு ஒரு பக்கத்திலிருந்து மறுபக்கத்துக்குப் பரவாமல் தடுக்க, 1960களில் கலிஃபோர்னியாவில் சிலருக்கு இந்தக் கட்டைத் துண்டித்தார்கள். வலிப்பு குறைந்தது. நடை, பேச்சு, அறிவு எல்லாம் பழையபடியே இருந்தன. அங்கே ரோஜர் ஸ்பெர்ரியும் அவருடைய மாணவர் மைக்கேல் கசனிகாவும் அவர்களைச் சோதித்தார்கள். பார்வையின் வலப்பக்கம் தெரிவது இட மூளைக்கும், இடப்பக்கம் தெரிவது வல மூளைக்கும் போகும். பேசுவது பெரும்பாலோர்க்கு இட மூளை. எனவே இடப்பக்கம் ஒரு படத்தைக் கணநேரம் காட்டினால், எதுவும் தெரியவில்லை என்பார் நோயாளி. ஆனால் அவருடைய இடக்கை அந்தப் பொருளையே தேடி எடுக்கும். ஸ்பெர்ரிக்கு 1981இல் நோபல் பரிசு கிடைத்தது.

கசனிகாவும் ஜோசஃப் லெடூவும் 1970களில் ஓர் இளைஞரிடம் செய்த சோதனையை எத்தனை முறை படித்தாலும் எனக்கு ஒரு சங்கடம் வரும். அவருடைய இட மூளைக்குக் கோழிக் கால் படத்தைக் காட்டினார்கள். வல மூளைக்குப் பனி மூடிய வீட்டைக் காட்டினார்கள். பிறகு, எதிரே பரப்பியிருந்த படங்களில் பொருத்தமானவற்றைத் தொடச் சொன்னார்கள். வலக்கை கோழியைத் தொட்டது. இடக்கை மண்வாரியைத் தொட்டது. பனியை வார மண்வாரி வேண்டும், வல மூளையின் அந்தத் தேர்வு சரியே. ஏன் இவற்றைத் தொட்டீர்கள் என்று கேட்டார்கள். பதில் சொல்ல வேண்டிய இட மூளைக்குப் பனியைப் பற்றி எதுவும் தெரியாது. அந்த இளைஞர் துளியும் யோசிக்கவில்லை: கோழிக் கால் கோழிக்குப் பொருத்தம், கோழிக் கொட்டகையைச் சுத்தம் செய்ய மண்வாரி வேண்டுமே! தெரியாது என்று சொல்லவில்லை, குழம்பவும் இல்லை. இட மூளையில் ஓர் உரைகாரர் இருக்கிறார் என்றார் கசனிகா. நடந்ததற்கெல்லாம் காரணம் கற்பிப்பது அவர் வேலை.

இந்த ஆய்வுகளிலிருந்து ஜனரஞ்சகப் புத்தகங்கள் எடுத்துக்கொண்டதோ, கணக்கு போடுபவர் இட மூளைக்காரர், கலைஞர் வல மூளைக்காரர் என்ற சோதிடத்தை. பேச்சு போன்ற சில வேலைகள் ஒரு பக்கம் சாய்வது உண்மை. ஒரு மனிதரே ஒரு பக்கம் சாய்வார் என்பதற்கு ஆதாரம் இல்லை. அமெரிக்காவின் யூட்டா பல்கலைக்கழகத்தினர் 2013இல் 1,011 பேரின் மூளைப் படங்களை ஆராய்ந்து அப்படி யாரையும் காணவில்லை.

கார்பஸ் கலோசம் துண்டிக்கப்படாத நம்மிடமும் அந்த உரைகாரர் இருக்கிறாரா? ரிச்சர்ட் நிஸ்பெட்டும் திமோதி வில்சனும் 1977இல் வெளியிட்ட கட்டுரையில் கடைக்கு வந்தவர்கள் முன் நான்கு ஜோடி நைலான் காலுறைகளைப் பரப்பிய கதை வருகிறது. தரத்தில் சிறந்தது எது என்று கேட்டார்கள். நான்கும் ஒன்றே. ஆனால் வலக்கோடியில் இருந்ததை மிகப் பலர் தேர்ந்தார்கள். காரணம் கேட்டபோது எவரும் அது இருந்த இடத்தைச் சொல்லவில்லை. தி.நகர் புடவைக் கடையில் நாற்பது புடவையைப் பிரித்துப் போடவைத்துவிட்டு ஒன்றை எடுத்து, அதற்குக் காரணமாகக் கரையையும் ஜரிகையையும் சொல்கிறவர்கள் இதை எண்ணிப் பார்க்கலாம்.

ஸ்வீடனின் லுண்ட் பல்கலைக்கழகத்தில் பெட்டர் யோஹான்சனும் லார்ஸ் ஹாலும் 2005இல் இன்னும் ஒரு படி போனார்கள். இரண்டு முகப் படங்களைக் காட்டி, எது கவர்ச்சி என்று கேட்டார்கள். தேர்ந்ததைக் கையில் கொடுத்து, ஏன் என்றார்கள். சில முறை செப்படிவித்தைக்காரர் போல மாற்றி, வேண்டாம் என்று ஒதுக்கிய படத்தையே கொடுத்தார்கள். பெரும்பாலான தடவை அது கண்டுபிடிக்கப்படவில்லை. அதைவிட மேல், ஏமாந்தவர்கள் தாங்கள் தேர்ந்தெடுக்காத அந்த முகம் ஏன் பிடித்தது என்று விளக்கமும் தந்தார்கள். காதணி பிடித்திருந்தது என்றார் ஒருவர். அவர் முதலில் தேர்ந்த முகத்தில் காதணியே இல்லை.

நினைவுக்கு வருவோம். ஹென்றி மோலிசன் என்ற அமெரிக்கர் உயிரோடிருந்த காலமெல்லாம் எச்.எம். என்று மட்டுமே அறியப்பட்டார். 1953இல், அவருடைய 27ஆம் வயதில், வலிப்பைக் குணப்படுத்த ஹார்ட்ஃபோர்டு நகர அறுவை மருத்துவர் வில்லியம் ஸ்கோவில் அவருடைய மூளையின் இருபுறமும் பொட்டுப் பகுதியின் உட்பக்கத்தை, ஹிப்போகாம்பஸின் பெரும்பகுதியோடு, எடுத்துவிட்டார். அதன் பிறகு புதிய நிகழ்வு எதுவும் மோலிசன் மனத்தில் தங்கவில்லை. பேசிவிட்டு அறையை விட்டுப் போனவர் சில நிமிடங்களில் திரும்பினால் புது ஆள். பழைய நினைவுகளில் பெரும்பாலானவையும் அறிவும் நகைச்சுவையும் அப்படியே இருந்தன. மாண்ட்ரியலிலிருந்து வந்து அவரைச் சோதித்த பிரெண்டா மில்னர், கண்ணாடியில் பார்த்தபடி நட்சத்திரத்தின் ஓரத்தை வரையும் பயிற்சியைக் கொடுத்தார். யாருக்கும் முதலில் கை கோணும். மோலிசன் மூன்று நாளில் நன்றாகத் தேறினார். ஒவ்வொரு நாளும் அதை முதல்முறை செய்வதாகவே அவர் எண்ணினார். கடைசியில் தன் கையின் லாகவத்தைக் கண்டு அவருக்கே ஆச்சரியம்.

நினைவு ஒன்றல்ல, பல என்ற இன்றைய நரம்பியலின் அடிப்படை, இந்த நட்சத்திரத்திலிருந்து வந்தது. கை கற்றதை மனிதர் அறியவில்லை. ஒரு மனிதரின் வாழ்நாளையே விலையாகக் கொடுத்துப் பெற்ற அறிவு என்பதையும் மறக்கக் கூடாது. மோலிசன் 2008 டிசம்பரில் தமது 82ஆம் வயதில் இறந்தார். அடுத்த ஆண்டு சான் டியாகோவில் அவருடைய மூளையை 2,401 சீவல்களாக அறுத்தார்கள். அதை இணையத்தில் நேரலையாகவும் காட்டினார்கள்.

ஃபினியஸ் கேஜின் கதை இதைவிடப் பிரபலம். 1848இல் அமெரிக்காவின் வெர்மாண்டில் ரயில் பாதைக்குப் பாறை உடைத்தபோது, ஒரு மீட்டருக்கும் நீளமான இரும்புக் கம்பி அவருடைய கன்னத்தில் புகுந்து உச்சந்தலை வழியே வெளியேறியது. பிழைத்தவர் வேறு மனிதராகி, வசவும் குடியுமாகச் சீரழிந்தார் என்று பாடநூல்கள் சொல்லும். ஆஸ்திரேலிய உளவியலாளர் மால்கம் மக்மில்லன் ஆவணங்களைத் துருவிப் பார்த்தபோது, அவற்றில் பெரும்பகுதிக்கு ஆதாரம் இல்லை என்று தெரிந்தது. கேஜ் பிற்காலத்தில் சிலி நாட்டில் பல ஆண்டுகள் பயணக் குதிரை வண்டி ஓட்டியிருக்கிறார். ஆறு குதிரைகளைக் கட்டி மேய்க்கும் வேலை அது, சீரழிந்தவரால் ஆகாது. இட்டுக்கட்டும் பழக்கம் பாடநூல் ஆசிரியர்களின் மூளைக்கும் உண்டு.

நாம் மூளையில் 10 சதவீதத்தைத்தான் பயன்படுத்துகிறோம் என்ற கதையும் அந்த வகை. உடல் எடையில் 2 சதவீதமே உள்ள மூளை, ஓய்வில் இருக்கும் உடலின் ஆற்றலில் 20 சதவீதத்தைத் தின்கிறது. சும்மா கிடக்கும் 90 சதவீதத்துக்கு எந்த உடலும் இப்படிப் படியளக்காது. மேலும், மூளையில் ஏறக்குறைய எந்த இடத்தில் பக்கவாதம் வந்தாலும் ஏதோ ஒன்று போகிறது. இதில் ஒளிந்திருக்கும் உண்மையான வியப்பு இன்னொன்று. கடினமாக யோசித்தால் மூளைக்குக் கூடுதல் செலவு என்றுதான் நமக்குத் தோன்றுகிறது. லூயி சோக்கலோஃபும் உடன் உழைத்தவர்களும் 1955இல், மனக்கணக்குப் போடும்போது மூளையின் மொத்த ஆக்சிஜன் செலவு மாறவில்லை என்று கண்டார்கள். மார்கஸ் ரெய்க்லே பின்னாளில் செய்த கணக்குப்படியும் ஒரு வேலையில் முனைவதால் கூடும் செலவு 5 சதவீதத்துக்கும் குறைவு. அப்படியானால் பெருஞ்செலவு எதற்கு? நாம் அறியாமல் இடைவிடாது நடக்கும் வேலைக்கு. நாம் சிந்தனை என்று அழைப்பது அந்தக் கணக்கில் சில்லறை.

செல்களின் எண்ணிக்கையிலும் ஒரு பாடம் இருக்கிறது. 10,000 கோடி நரம்பணுக்கள் என்று எல்லோரும் எழுதினார்கள். யார் எண்ணினார்கள் என்று பிரேசிலின் சுசானா ஹெர்குலானோ-ஹூசெல் தேடியபோது, நம்பத்தக்க மூலம் எதுவும் கிடைக்கவில்லை. அவர் மூளையைக் கரைத்து ஒரு கூழாக்கி, அதில் மிதக்கும் உட்கருக்களை எண்ணும் முறையைக் கொண்டுவந்தார். நான்கு மூளைகளை வைத்து 2009இல் அவருடைய குழு தந்த விடை சுமார் 8,600 கோடி. அதில் 6,900 கோடி, பின்னந்தலையில் இருக்கும் சிறுமூளையில். நம் பெருமைக்குக் காரணமான பெருமூளைப் புறணிக்குக் கிடைப்பது 1,600 கோடிதான். யானையிடம் 25,700 கோடி இருக்கின்றன, அவையும் ஏறக்குறைய எல்லாம் சிறுமூளையில். மூளையின் எடையை வைத்து அறிவை அளந்தவர்களுக்கு இவான் துர்கனேவின் 2,012 கிராமும் அனதோல் ஃபிரான்சின் 1,017 கிராமும் எப்போதோ பதில் சொல்லிவிட்டன. இருவரும் பெரிய எழுத்தாளர்கள்.

இல்லாததை இருப்பதாகச் சொல்லும் மூளைக்கு எல்லோரும் அறிந்த சான்று, வெட்டப்பட்ட கை. கை போனவர்களில் பெரும்பாலோர்க்கு அந்தக் கை இருப்பது போலவே உணர்வு இருக்கும், பலருக்கு வலியும். சென்னை ஸ்டான்லி மருத்துவக் கல்லூரியில் படித்து கலிஃபோர்னியாவுக்குப் போன வி.எஸ். ராமச்சந்திரன், 1990களில் இப்படிப்பட்ட சிலரின் கன்னத்தைப் பஞ்சால் தொட்டார். இல்லாத விரல்களைத் தொடுவதாக அவர்கள் சொன்னார்கள். பென்ஃபீல்டு மின்சாரம் வைத்துப் பார்த்து வரைந்த மூளை வரைபடத்தில் கைக்கும் முகத்துக்கும் அடுத்தடுத்த இடம். காலியான கை இடத்துக்குள் முகம் குடியேறிவிட்டது என்று விளக்கினார் ராமச்சந்திரன். நல்ல கையின் பிம்பத்தைக் கண்ணாடியில் காட்டி, போன கை மீண்டதாக மூளையை நம்பவைத்து வலியைக் குறைக்கும் எளிய பெட்டியையும் அவர் செய்தார். பெட்டி சிலருக்கு உதவுகிறது, சிலருக்கு இல்லை. விளக்கத்துக்கு எதிர்ப்பு வலுத்திருக்கிறது. ஆக்ஸ்ஃபோர்டில் தமர் மேக்கின் 2013இல் வெளியிட்ட ஆய்வில், போன கையை அசைப்பதாக நினைத்தபோது பழைய கை இடம் அப்படியே விழித்துக்கொண்டது. குடியேற்றம் நடந்ததா, வீட்டுக்காரர் வெளியேறவே இல்லையா என்ற வழக்கு தொடர்கிறது. என் சாய்வு மேக்கின் பக்கம்.

பெஞ்சமின் லிபெட் 1983இல் செய்த சோதனையையும் இங்கே சொல்லியாக வேண்டும். விரலை அசைக்க முடிவெடுத்ததாக நாம் உணர்வதற்கு ஏறக்குறைய மூன்றில் ஒரு நொடி முன்பே மூளையில் மின்மாற்றம் தொடங்கிவிடுகிறது என்றார். சுய விருப்பமே பொய் என்று சிலர் இதிலிருந்து முரசறைந்தார்கள். அந்த மின்மாற்றம் முடிவே அல்ல, மூளையின் இயல்பான ஏற்ற இறக்கம் குவிந்து தெரிவதுதான் என்று ஆரன் ஷர்கர் 2012இல் வாதிட்டது எனக்குக் கூடுதல் நியாயமாகப் படுகிறது. சுய விருப்பம் வெறும் பொய் அல்ல என்பதற்குப் பென்ஃபீல்டின் நோயாளிகளும் ஒரு சாட்சி. அவர் மின்சாரம் வைத்துக் கையை அசைத்தபோது, அசைத்தது நான் இல்லை, நீங்கள்தான் என்றே அவர்கள் சொன்னார்கள். உடையவர் எல்லா நேரமும் ஏமாறுவதில்லை.

உடையவரைக் கேட்டுப் பயனில்லை என்றால் உள்ளே போய் வரைபடம் எழுதுவதே வழி. அந்த வேலை இப்போது வேகமெடுத்திருக்கிறது. 302 நரம்பணுக்கள் கொண்ட ஒரு புழுவின் முழு இணைப்பு வரைபடம் 1986இல் கேம்பிரிட்ஜில் வெளிவந்தது. பழ ஈயின் 139,255 நரம்பணுக்களின் வரைபடம் 2024 அக்டோபரில் முடிந்தது. அதே ஆண்டு டிசம்பரில் சென்னை ஐஐடி, கருச்சிசுக்களின் மூளைகளை 5,132 சீவல்களாகப் படமெடுத்து, ‘தரணி’ என்ற பெயரில் எவரும் பார்க்கும்படி வெளியிட்டது. இது செல்களின் அமைப்பைக் காட்டும் படம். இணைப்புகளை இழை இழையாகத் தொடர்வதற்கு இன்னும் பல மடங்கு நுட்பம் வேண்டும்.

மனித மூளையில் அந்த அளவுக்கு வரைந்திருப்பது ஒரு கன மில்லிமீட்டர். வலிப்பு நோய்க்காக அறுவை செய்துகொண்ட ஒரு பெண்ணிடமிருந்து எடுத்த துணுக்கு அது. ஹார்வர்டும் கூகுளும் சேர்ந்து 2024 மே மாதம் வெளியிட்டன. 57,000 செல்கள், 15 கோடி இணைப்புகள், 1,400 டெராபைட் தரவு. ஓர் இழை ஒரே நரம்பணுவோடு ஐம்பதுக்கு மேற்பட்ட இணைப்புகள் வைத்திருப்பது போன்ற, எந்தப் பாடநூலிலும் இல்லாத அமைப்புகள் அதில் தட்டுப்பட்டன. அவை நோயின் விளைவா, எல்லோர் மூளையிலும் இருப்பவையா என்பது ஒரு துணுக்கை வைத்துச் சொல்லக்கூடியதல்ல. முழு மூளை இதைப் போலப் பத்து லட்சம் மடங்குக்கு மேல். அதனால் அந்தக் குழு அடுத்ததாக மனித மூளைக்குப் போகவில்லை. சுண்டெலியின் ஹிப்போகாம்பஸ் பகுதியை எடுத்துக்கொண்டிருக்கிறது, அதுவும் சுண்டெலி மூளையில் 2, 3 சதவீதம் மட்டும்.